முப்பத்தைந்து நிமிடம்

மார்ச் 4

அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கப் போறதில்ல. நீ நல்லாத்தான் இருக்க, நேத்து டிவியில பார்த்தேன். நீளமா ஒரு மேஜை, ரெண்டு பக்கமும் கோட்டு போட்ட ஆளுங்க. நம்ம பக்கத்துத் தலைவருக்குப் பின்னாடி ஒரு சின்ன நாற்காலி, அதுல நீ. அவர் காதுகிட்ட குனிஞ்சு என்னவோ சொல்லிட்டிருந்த. நாலு செகண்ட்தான் காட்டினாங்க. என் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது? நீ மொழிபெயர்ப்பு வேலையா வெளிநாடு போயிருக்கன்னு தெரியும். என் வீட்டுக்காரரைப் பிடிச்சு வெச்சிருக்கற நாட்டுக்கே போயிருக்க, அவங்களோட பேசற மேஜையிலயே உட்கார்ந்திருக்கன்னு டிவிக்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?

இன்னிக்கு இருபத்தி மூணாவது நாள். பேப்பர்ல வந்தது இவ்வளவுதான்: நம்ம சரக்குக் கப்பல் அவங்க கடல்ல ஒரு மீன்பிடிப் படகை இடிச்சுது. படகுல மூணு பேர். ரெண்டு பேரை வேற படகு காப்பாத்திடுச்சு, ஒருத்தர் போயிட்டார். கப்பலைத் துறைமுகத்துல நிறுத்தி, வேலை பார்த்த பதினாலு பேரையும் ஒரு விடுதியில காவல் போட்டு வெச்சிருக்காங்க. இதுக்கு மேல யார்கிட்ட கேட்டாலும் பேச்சு நடக்குதுன்னு ஒரே பதில்.

நான் குடிநீர் அலுவலகத்துல புகார் மேஜையில உட்காரறவ. எட்டு வருஷமா தண்ணி வராத தெருக்காரங்க எல்லாம் என்னைத்தான் திட்டறாங்க, அது பழகிடுச்சு. இப்ப சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கப்பல்ல இருக்கறவங்க குடும்பம் எல்லாம் என் கூடத்துல. கேப்டன் வீட்டம்மா நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, "உங்க அக்கா அங்கயே இருக்காங்க, உனக்குத் தெரியாதுன்னா நாங்க நம்பணுமா?"ன்னு.

உன் போன் வந்தா எடுக்க மாட்டேன். எடுத்தா கத்திடுவேன். எழுதியே கேக்கறேன், மூணு கேள்வி. அவர் சாப்பிடறாரா, தூங்கறாரா, யாராவது அடிச்சாங்களா?

உன் தங்கச்சி


மார்ச் 11

வாயாடிக்கு,

முதலில் மூன்று கேள்விக்கும் பதில். சாப்பிடுகிறார். தூங்குகிறார். யாரும் அடிக்கவில்லை. தூதரக மருத்துவர் வியாழக்கிழமை போய்ப் பதினான்கு பேரையும் பார்த்துவிட்டு வந்தார். உன் வீட்டுக்காரருக்கு இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்ததாம், ஆறிவிட்டதாம். நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வேலைக்குக் கூப்பிட்ட அன்றே எங்கள் குழுத் தலைவரிடம், அந்தக் கப்பலின் இரண்டாம் அதிகாரி என் தங்கை கணவர், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சொன்னார்: "அவங்க மொழியைத் தப்பில்லாமப் பேசற ஆள் நம்மகிட்ட ரெண்டே பேர். இன்னொருத்தர் நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கார். நீங்கதான் வரணும். ஆனா மேஜையில பேசறதுல ஒரு வார்த்தைகூட உங்க வீட்டுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அவங்க எழுந்து போயிடுவாங்க. பதினாலு பேரும் அங்கயே கிடப்பாங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் இங்கே இருப்பது தெரிந்தால் நீ கேட்பாய். நீ கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். கேமராக்காரர் என் நாற்காலிப் பக்கம் திரும்புவார் என்று நினைக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து இந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஊர்வலம் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் செய்யாதீர்கள். இங்கே பேச்சு நடக்கும் கட்டடத்துக்கு எதிரில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அதன் பெஞ்சில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் வந்து உட்காருகிறார். இறந்துபோனவரின் மனைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பலகை கிடையாது, கூட ஆட்கள் கிடையாது. எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. நாங்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். இது மேஜை விஷயம் இல்லை, தெருவில் போகிற எல்லோரும் பார்ப்பது. அதனால் எழுதுகிறேன்.

வாரம் ஒரு முறை தூதரகத் தபால் பை போய் வருகிறது. வெளியுறவு அலுவலகத்தில் கொடுத்தால் எனக்கு வந்து சேரும்.

பொறுமையாக இரு.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

பொறுமையா இருன்னு எழுதறதுக்கு ஒரு வாரம் ஆச்சா உனக்கு? என் மேஜைக்கு வர்ற யார்கிட்டயும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. சொன்னா அடுத்த நிமிஷம் காலிக் குடம் மேஜை மேல வந்து உட்காரும்.

ஊர்வலம் நடக்கல. உனக்காக நிறுத்தல, பெஞ்சுல உட்கார்ந்திருக்கற அந்த அம்மாவுக்காக நிறுத்தினேன். சுலபமா இல்ல. எஞ்சின் ரூம்ல வேலை பார்க்கறவரோட அண்ணன் ஒருத்தர் இருக்கார், நாங்க 'வெடி'ன்னு பேர் வெச்சிருக்கோம். அவர்தான் தட்டி எல்லாம் எழுதி வெச்சிருந்தார். வேண்டாம்னு நேரா சொன்னா வெடிச்சிருப்பார். "அண்ணே, உங்களை மாதிரி தெளிவா எழுத எங்களால முடியாது. அமைச்சருக்கு ஒரு மனு எழுதணும். நீங்கதான் தலைமை"ன்னேன். இப்ப நாலு நாளா எழுதறார். நாலாவது தடவை திருத்தறார். ஊர்வலத்தைப் பத்தி அவர் பேசறதே இல்ல.

ஆனா இது வேற விஷயம். கப்பல் கம்பெனியில இருந்து ஒரு வக்கீல் வந்தார். ஒரு தாள் கொடுத்தார். "மோதினது கப்பல்ல இருந்த யாருக்கும் தெரியாது, யாரும் எதையும் உணரல." இதைப் பதினாலு பேரும் ஒரே மாதிரி சொல்லப் போறாங்களாம். வீட்டுல இருக்கறவங்களும் எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்கன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா சீக்கிரம் வந்துடுவாங்களாம். பதிமூணு வீட்டுல போட்டாச்சு. கேப்டன் வீட்டம்மாதான் முதல்ல. நான் போடல. தலைவலிக்குதுன்னு சொல்லி எழுந்து வந்துட்டேன்.

ஏன்னு உனக்கு மட்டும் சொல்றேன். பிடிச்ச அன்னிக்கு, போனை எல்லாம் வாங்கி வைக்கறதுக்கு முன்னாடி, அவர் என்கிட்ட மூணு நிமிஷம் பேசினார். அதுல ரெண்டு நிமிஷம் வீட்டுச் செலவைப் பத்தியே பேசினார். அப்புறம் சொன்னார், "நான் சொன்னேன். அவர் கேக்கல. நானும் விட்டுட்டேன்." அவ்வளவுதான். யாருகிட்ட சொன்னார், எதை விட்டார், ஒண்ணும் புரியல.

நீ மேஜை விஷயத்தை எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனா அவரைப் போய்ப் பாரு. சொந்தக்காரின்னு கேட்டு அனுமதி வாங்கு. அவர் என்ன சொன்னார்னு கேட்டு எழுது. வக்கீல் ஏப்ரல் முதல் வாரம் மறுபடி வருவார். ரெண்டாவது தடவை தலைவலின்னு சொல்ல முடியாது.

தங்கச்சி


மார்ச் 27

வாயாடிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அரை மணி நேரம், ஒரு காவலர் கதவருகில் நின்றார். விடுதியின் சாப்பாட்டு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், கழுவிய தரை. மெலிந்திருக்கிறார். தாடி வளர்த்திருக்கிறார், உனக்குப் பிடிக்காது.

கீழே இருப்பது அவர் தன் வாயால் சொன்னது. "அவளுக்கு எழுதுங்க, அவ சொல்றபடி செய்யறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்து இருபது. கப்பலை ஓட்டும் அறையில் அவருடைய முறை. லேசான மூடுபனி. கப்பல் ஒரு முறை அதிர்ந்தது, கதவை யாரோ தோளால் இடித்தது போல. வேகத்தைக் குறைத்தார். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபோது உடைந்த பலகையும் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனும் மிதந்து போயின. கேப்டனைக் கூப்பிட்டார். அவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்துவிட்டு, "மரக்கட்டை. போ" என்றார். "சார், கேன் ஒண்ணு பார்த்தேன்." "கடல்ல கேன் மிதக்காம என்ன மிதக்கும்? போ." போனார்கள். முப்பத்தைந்து நிமிடம் கழித்து, படகு மூழ்கிவிட்டது என்று வானொலியில் கூக்குரல் வந்தது. அப்போதுதான் திரும்பினார்கள்.

காப்பாற்றப்பட்ட இருவரும் இங்கே பேப்பரில் சொல்லியிருக்கிறார்கள்: மூன்றாவது ஆள் அரை மணி நேரத்துக்கு மேல் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தாராம்.

உன் வீட்டுக்காரருக்கு அது தெரியும். யாரோ அந்தப் பேப்பரை விடுதிக்குள் கொண்டுவந்து படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்கிறார். சொன்னால் கேப்டன் மாட்டுவார், கம்பெனி மாட்டும், இவர் இன்னும் எத்தனை மாதம் இங்கே இருக்க வேண்டியிருக்குமோ தெரியாது. உரிமமும் போகலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மேஜை விஷயம், நான் எழுத முடியாது.

உனக்கு யோசனை சொல்லும்படி ஒரு பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிடு, மனுஷன் வீட்டுக்கு வரட்டும் என்று. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவர் கேட்டது உன்னை, என்னை இல்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

சொல்லச் சொல்லு.

இதை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. முதல் நாள் அவர் மேல கோபம். ரெண்டாவது தடவை சொல்லியிருக்கலாமே, கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டியிருக்கலாமேன்னு. ரெண்டாவது நாள் உன் மேல. கிழிச்ச தாளை ஏன் கிழிச்ச, அதை அனுப்பியிருந்தா நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். மூணாவது நாள் வேலைக்குப் போனேன். நாலு மணி இருக்கும், கூட்டம் குறைஞ்சுடுச்சு. அரை மணி நேரம்னா எவ்வளவுன்னு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா, அது ரொம்ப நேரம்.

ஆனா ஒண்ணு செஞ்சேன். நீ திட்டினாலும் பரவாயில்ல. சனிக்கிழமை காலைல கேப்டன் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா கூடத்துல உட்கார்ந்து ஜன்னல் திரை தைச்சிட்டிருந்தாங்க.

"கையெழுத்துப் போட வந்தியா?"

"இல்லம்மா. போட மாட்டேன்னு சொல்ல வந்தேன். ஏன்னும் சொல்லணும்."

சொன்னேன். அதிர்ந்தது, பலகை, கேன், அவர் கூப்பிட்டது, கேப்டன் வந்து சொன்னது எல்லாத்தையும். மெஷினை நிறுத்தாம கேட்டாங்க. துணி முடிஞ்சு போயும் வெறும் ஊசி ஓடிட்டிருந்துச்சு.

"இதை என் வீட்டுக்காரர் அங்க சொல்லப் போறார். பேப்பர்ல பார்த்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது. அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

"இருபத்தெட்டு வருஷம் கடல்ல இருந்தவர். வேணும்னே ஒரு உயிரை விட்டுட்டுப் போவாரா?"

"மாட்டார்மா. மரக்கட்டைன்னு நிஜமாவே நினைச்சார். அதையும் சேர்த்துத்தான் சொல்லச் சொல்றேன்."

"உனக்கு அந்த மேஜையில அக்கா இருக்கா. எனக்கு யார் இருக்கா?"

அவங்க எழுந்து போய் வாசக்கதவைத் திறந்து வெச்சாங்க. நான் வந்துட்டேன்.

எதிராளிகிட்ட போய் முன்கூட்டியே சொல்றது முட்டாள்தனம்னு உங்க தலைவர் சொல்லுவார். எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருக்கு. குழாய் ரிப்பேருக்காகத் தண்ணியை நிறுத்தணும்னா முதல் நாளே அந்தத் தெருவுக்கு ஆள் விட்டுச் சொல்லிடுவோம். திட்டுவாங்க. ஆனா சொல்லாம நிறுத்தினாத்தான் கல்லு விழும்.

இதோட இன்னொரு கடிதம் வெச்சிருக்கேன். பெஞ்சுல உட்காரற அந்த அம்மாவுக்கு. அவங்க மொழியில எழுதிக் கொண்டுபோய்க் கொடு.

தங்கச்சி


ஏப்ரல் 12

வாயாடிக்கு,

உன் பதில் வந்த அன்றே அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். திங்கட்கிழமை இங்குள்ள விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டார். மறுநாள் கம்பெனி வக்கீல் விடுதிக்குப் போய் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசியிருக்கிறார். உன் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருந்த மூன்று பேர் வேறு அறை கேட்டு மாறிக்கொண்டார்கள். சமையல்காரர் மட்டும் மாறவில்லை.

அவர் எழுதிக் கொடுப்பதற்கு முன்பே நானும் போய் எங்கள் தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"இதை நீங்க எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்."

"நாளைக்கு 'யாருக்கும் எதுவும் தெரியாது'ன்னு நீங்க சொல்றதை நான் அவங்க மொழியில சொல்லணும் சார். பொய்னு தெரிஞ்சு எப்படிச் சொல்றது?"

"மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது."

"அபிப்பிராயம் இல்ல சார். தகவல்."

மேஜையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். ஆபரேஷன் செய்துகொண்டவரை எழுப்பிக் கூட்டிவருகிறார்கள். எனக்கு இப்போது நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கும் அறையில் இடம். பக்கங்களுக்கு எண் போடுகிறேன். பத்தொன்பது வருட சர்வீஸில் இப்படி ஓர் அறை இருப்பதே எனக்குத் தெரியாது. வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. பல நாளுக்குப் பிறகு சாப்பாடு இறங்குகிறது.

கேப்டன் மனைவியிடம் நீ முன்கூட்டியே சொன்னது பற்றி: திட்டத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

உன் இன்னொரு கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கொடுக்க மாட்டேன், இப்போது இருக்கிறபடி. "என் வீட்டுக்காரர் நல்லவர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்ணுக்கு அது எதற்கு? "நாங்களும் கஷ்டப்படுகிறோம்" என்று ஒரு பத்தி. நீ படும் கஷ்டத்தை அவர் கஷ்டத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கச் சொல்கிறாயா? கடைசியில் "விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று கேட்கிறாய். இதற்குக் கடிதம் என்று பேர் இல்லை, மனு. மனு எழுத உங்களிடம் வெடி அண்ணன் இருக்கிறார்.

அவருக்குத் தெரியாதது எது, உனக்குத் தெரிந்தது எது என்று யோசி. அதை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு அதைச் சுருட்டிக் குப்பையில போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வெச்சேன். நீ சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், என் நோட்டுல சிவப்புப் பேனாவால திருத்துவ. டீச்சர்கூட அப்படித் திருத்தினதில்ல.

புதுசா எழுதியிருக்கேன். பதினோரு வரி. அஞ்சு இருபதுக்கு என்ன நடந்துச்சு, நீலக் கேனை யார் பார்த்தது, என்ன சொன்னாங்க, எப்ப திரும்பினாங்க. "பார்த்தவர் என் கணவர். அவர் ஒரு தடவை சொன்னார், ரெண்டாவது தடவை சொல்லல. இது உங்களுக்குத் தெரியணும்"னு முடிச்சிருக்கேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. இதையும் திருப்பி அனுப்பினா நானே அங்க வந்துடுவேன்.

இங்க நிலைமை நல்லா இல்ல. விஷயம் பேப்பர்ல வந்துடுச்சு. என் வீட்டுக்கு யாரும் வர்றதில்ல, இப்ப மாலுமிகள் சங்க ஹால்லதான் கூடறாங்க. அங்க நான் போய் உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் நாற்காலி காலியாகுது. வெடி அண்ணன் மனுவுல இருந்து என் பேரை அடிச்சுட்டார். "உன் புருஷன் யோக்கியன்னு காட்டிக்க எங்க வீட்டு ஆளுங்க உள்ள கிடக்கணுமா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆச்சு அதுக்கு. அது கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் வாராவாரம் போறேன். எத்தனை நாற்காலி காலியானாலும் நான் போறதை நிறுத்த மாட்டேன்.

நேத்து ஒண்ணு நடந்துச்சு. பதினொண்ணரை மணிக்கு என் மேஜையில டோக்கன் நாற்பத்தி ஒண்ணு கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தா கேப்டன் வீட்டம்மா. ரெண்டு மணி நேரம் வரிசையில உட்கார்ந்திருந்திருக்காங்க.

"அவருக்கு எழுதிட்டேன்"னாங்க.

"என்னம்மா எழுதினீங்க?"

"அந்தத் தம்பி சொன்னது சரின்னா சரின்னு சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்கன்னு."

நான் பேனாவை மூடி வெச்சேன். அவங்களே சொன்னாங்க, "நீ வீடு தேடி வந்து சொல்லலைன்னா நான் எழுதியிருக்க மாட்டேன். வக்கீல் வந்து சொல்லியிருந்தா உன்னை நாசமாப் போன்னு திட்டிட்டு இருந்திருப்பேன்."

எழுந்து போகப் போனவங்க திரும்பி உட்கார்ந்தாங்க. "எங்க தெருவுல நாலு நாளா நிஜமாவே தண்ணி வரல. அதையும் எழுதிக்கோ."

எழுதிக்கிட்டேன். சாயங்காலமே ஆள் அனுப்பினேன்.

தங்கச்சி


மே 10

வாயாடிக்கு,

நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. எல்லாம் பகிரங்கமாகிவிட்டதால் இனி எழுதலாம் என்று தலைவரே சொன்னார்.

கேப்டன் ஏப்ரல் கடைசியில் தானாகவே கேட்டு வாக்குமூலம் கொடுத்தார். "அவன் கூப்பிட்டது உண்மை. கேனைச் சொன்னதும் உண்மை. போகச் சொன்னது நான்." எந்த வக்கீலும் கூட இல்லை. மனைவி எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்ததாம்.

அதன் பிறகுதான் தலைவர் நகல் அறைக்கு வந்தார். நின்றபடியே, "வாங்க. இதை அரைகுறையாச் சொல்ல முடியாது" என்றார். நம் தலைநகரிலிருந்து வந்த வாசகத்தில் 'வருந்துகிறோம்' என்று இருந்தது. இரண்டு நாள் தொலைபேசியில் சண்டை போட்டு அவரே மாற்றி வாங்கினார். மேஜையில் படித்தது இதுதான்: "மோதியது எங்கள் கப்பலில் தெரிந்தது. நின்று தேடவில்லை. முப்பத்தைந்து நிமிடம் கழித்தே திரும்பினோம். இதற்காக மன்னிப்புக் கேட்கிறோம்." இவர்கள் மொழியில் அதற்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று தாமதமாக வந்ததற்குச் சொல்வது. இன்னொன்று எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டாவதைச் சொன்னேன்.

அவர்கள் குழுவின் தலைவி ஒரு பெண். எப்போதும் கறுப்புக் கோப்பு ஒன்றை மூடியே வைத்திருப்பார். முதல் முறையாக அதைத் திறந்து ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். கரையிலிருந்து ரேடாரில் பதிவான தடம். ஐந்து இருபதுக்குக் கப்பல் வேகம் குறைந்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி கூடியது அதில் அப்படியே இருக்கிறது.

"முதல் நாளே காட்டியிருக்கலாமே?" என்று எங்கள் தலைவர் கேட்டார்.

"காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். நீங்களாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்."

இரண்டு மாதமாக ஒரே கேள்வியை ஏன் விதவிதமாகக் கேட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உன் பதினோரு வரியை மாற்றாமல் மொழிபெயர்த்து, அந்தத் தலைவி வழியாகப் பெஞ்சில் உட்காரும் பெண்ணுக்குக் கொடுத்தேன். மூன்று நாள் பஸ் நிறுத்தத்து பெஞ்ச் காலியாக இருந்தது. நான்காவது நாள் அவர் உள்ளே வந்து, கேனைப் பார்த்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். அதே சாப்பாட்டு அறை. நான் நடுவில்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏன் இரண்டாவது முறை சொல்லவில்லை?"

உன் வீட்டுக்காரர் நிமிர்ந்து, "பயந்துட்டேன். கேப்டனை எதிர்த்துப் பேசினா அடுத்த கப்பல்ல கூப்பிட மாட்டாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

'தயங்கினேன்' என்று ஒரு சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பயந்தேன் என்றே சொன்னேன். அவர் என் தங்கை கணவர் என்பதால்தான் அந்தச் சொல் வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் சொன்னார்: "என் கணவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். யாராவது வருவார்கள் என்று நினைத்திருப்பார்." பிறகு எழுந்துகொண்டார். "விசாரணையிலும் இதையே சொல்லுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள்."

வாசலில் என்னிடம் நின்றார். உன் கடிதம் அவர் கைப்பையில் இருந்தது. "எழுதியவரிடம் சொல்லுங்கள், படித்தேன் என்று. இப்போதைக்கு அவ்வளவுதான்." அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கூட எதுவும் இல்லை, தேடாதே.

பன்னிரண்டு பேர் பதினான்காம் தேதி வருகிறார்கள். கேப்டன் மேல் வழக்கு. உன் வீட்டுக்காரர் ஜூன் இரண்டாம் தேதி விசாரணைக்காக இருக்க வேண்டும். அவர் மேலும் வழக்கு வருமா என்று அன்றைக்குத்தான் தெரியும். நல்லதாகச் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

ஒன்று பாக்கி. நான் இங்கே இருக்கிறேன் என்பதையாவது கிளம்பும் முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு. என் கையெழுத்து அதைத் தடுக்கவில்லை, என் பயம்தான் தடுத்தது.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

பன்னெண்டு பேரும் வந்துட்டாங்க. விமான நிலையத்துக்கு நானும் போனேன். வராதவங்க வீட்டுல இருந்து எதுக்கு வர்றாங்கன்னு எல்லாரும் பார்த்தாங்க. கேப்டன் வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் தூண் பக்கத்துல நின்னோம். கல்யாணமாகி ஆறு மாசம்னு சொன்னேனே, அந்தப் பொண்ணு புருஷனைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதுச்சு. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைச்சுட்டு லேசா தலையாட்டுச்சு. வெடி அண்ணன் அந்தப் பக்கமே திரும்பல. அது அவர் இஷ்டம்.

சமையல்காரர் நேரா என்கிட்ட வந்தார். பெட்டியைத் தரையில வெச்சுத் திறந்து என் வீட்டுக்காரரோட சட்டை ரெண்டை எடுத்துக் கொடுத்தார். "விசாரணைக்குப் போட்டுக்க வெள்ளைச் சட்டை வேணும்னார். அங்க இஸ்திரி கிடையாது. நீங்க வரும்போது தேய்ச்சு எடுத்துட்டு வாங்க."

நான் வர்றதா யார் சொன்னதுன்னு கேட்டேன். "நீங்க வருவீங்கன்னு அவர்தான் சொன்னார்"னார்.

வர்றேன். மேலதிகாரிகிட்ட மூணு வாரம் லீவு கேட்டேன். மழைக்கு முன்னாடி புகார் அதிகமா வர்ற சமயம், முடியாதுன்னார். சரி சார்னு சொல்லிட்டு என் நாற்காலியில அவரை ஒரு மணி நேரம் உட்கார வெச்சேன், டீ குடிச்சுட்டு வர்றேன்னு. வந்து பார்க்கறதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தார்.

உரிமம் போனா போகட்டும். வழக்கு வந்தா வரட்டும். எத்தனை நாள்னாலும் நான் அந்த அறையில உட்கார்ந்து கேப்பேன். அவர் பயந்துட்டேன்னு சொல்றதையும் கேப்பேன். அந்த அம்மாவை நான் தேடிப் போக மாட்டேன். அவங்களா பார்க்கணும்னு சொன்னா எங்க வேணும்னாலும் வர்றேன்னு மட்டும் சொல்லி வை.

கேப்டன் வீட்டம்மாவும் என்கூட வர்றாங்க. ஒரே விமானம், ஒரே வரிசை. அவங்களுக்கு ஜன்னல் பக்கம் வேணுமாம். அவங்க வக்கீல் போன் பண்ணி, சாட்சியோட மனைவி பக்கத்துல நீங்க உட்காரக் கூடாது, கோர்ட்டுல ஒரு வரிசையாவது தள்ளி உட்காருங்கன்னு சொன்னாராம். "அங்க பேசறது அவளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. சொல்றதுக்கு அவ அக்கா ஒருத்திதான் இருக்கா. ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தா எனக்கு எப்படிக் கேக்கும்?"னு கேட்டுட்டு வெச்சுட்டாங்களாம்.

அதனால ரெண்டாம் தேதி லீவு போட்டுட்டு வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்காரு. அங்க சொல்றதை எல்லாம் சொல்லு. என் காதுல சொல்றதையே அவங்க காதுலயும் சொல்லு.

தங்கச்சி